டைவர், மஞ்சள் தொப்பி, மஞ்சக் கடுதாசி

விளக்குத்தூண் ஜவுளி:

ஸ்காட்லாந்தில் வாங்கின கடனைக் கட்ட முடியாம நொடிச்சுப் போனவனுக்கு அந்தக் காலத்தில் ‘டைவர்’னு பேராம். தண்ணிக்குள்ள குதிக்கிற டைவர் இல்ல, இது வேற. அவன் தலையில் மஞ்சள் தொப்பி மாட்டிச் சந்தையில உட்கார வச்சாங்கன்னு ஒரு வரி பார்த்தேன். நம்ம பக்கமும் ஒருத்தன் கையை விரிச்சா ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’னுதான் சொல்றோம்.

அந்த டைவருக்கு உண்மையில் என்னதான் செஞ்சாங்க, எந்த வருஷத்துல? அங்கயும் மஞ்சள், இங்கயும் மஞ்சள், ரெண்டுக்கும் தொடர்பு உண்டா? அதைவிட முக்கியமா, இன்னைக்கு மதுரையில ஒரு கடைக்காரர் வக்கீல் வழியா இப்படி ஒரு கடுதாசி அனுப்பினா, அவருக்குச் சரக்கு கொடுத்து, பாக்கி வர வேண்டியவங்க என்ன செய்யணும்? ‘ஐ.பி. (திவால் மனு) போட்டா எல்லாம் முடிஞ்சது, விட்ருங்க’ன்னு மாசி வீதி முழுக்கப் பேசுறாங்க. அது சரியா?

பழைய ஏடு:

முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்றேன். மூணாவதுக்கு வக்கீல்கள் வருவாங்க.

டைவர்ங்கிறது பின்னாடிதான் வசவு ஆச்சு, நம்ம ‘கடங்காரா’ மாதிரியே. முதல்ல அது கோர்ட் கொடுக்கிற ஒரு நிலை. அதுக்கு வந்து சேர்ற பாதை நீளம். கடன் கொடுத்தவர் முதல்ல ராஜா பேரில் ‘இத்தனை நாளுக்குள் கட்டு’ன்னு ஒரு உத்தரவு வாங்குவார். கட்டலைன்னா அரசு ஆள் எடின்பரோ சந்தைச் சிலுவைத்தூண் பக்கம் நின்னு மூணு தடவை கொம்பு ஊதி, இவன் ராஜாவின் கட்டளையை மீறினவன்னு அறிவிப்பான். அதனால ஆளைச் சிறையில் போட்டது கடனுக்காக இல்ல, ராஜத் துரோகத்துக்காகன்னு ஏட்டில் ஏறும். சட்டக்காரங்க கெட்டிக்காரத்தனம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான்.

சிறையில் ஒரு மாசம் கழிஞ்ச பிறகு, ‘என் சொத்து முழுவதையும் ஒப்படைக்கிறேன், எதையும் மறைக்கலை’ன்னு சத்தியம் பண்ணி விடுதலை கேட்கலாம். இதுக்கு லத்தீன்ல ‘செசியோ போனோரம்’, சொத்தை விட்டுக் கொடுக்கிறதுன்னு பேர். இதில் ஆளுக்குத்தான் விடுதலை, கடனுக்கு இல்ல. நாளைக்கு அவனுக்குச் சொத்து சேர்ந்தா பழைய கடன் கொடுத்தவன் அதையும் பிடிக்கலாம்.

அந்த விடுதலைக்கு விலைதான் மஞ்சள். 1606 மே மாசம் எடின்பரோ உயர் நீதிமன்றம் போட்ட விதிப்படி, சந்தைச் சிலுவைத்தூணை ஒட்டிச் செதுக்கின கல்லில் ஒரு மேடை கட்டணும். ஒரு சந்தை நாளில் காலை 10 மணியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வரை டைவர் அதில் மஞ்சள் தொப்பியோட உட்காரணும். புதுமண்டபத்து முகப்பில் வியாபாரம் நடக்கிற நேரத்தில் ஒருத்தனை உட்கார வச்ச மாதிரி. அதோட முடியாது. கடன் தீர்ற வரைக்கும் எங்க போனாலும் அந்தத் தொப்பி தலையில் இருக்கணும். 1669-ல் இதை இன்னும் கூட்டினாங்க: போட்டிருக்கிற துணி, உடம்பு, கை எல்லாம் மூடுற மேலங்கி, அதில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி பழுப்பு, தலைக்கும் அதே ரெண்டு நிறத்தில் குல்லா.

நோக்கம் அவமானம் மட்டும் இல்ல. பத்திரிகையும் பதிவேடும் பரவலா இல்லாத ஊர்ல, புதுசா கடன் கொடுக்கப் போறவனுக்கு எச்சரிக்கையும் அந்தச் சட்டைதான். இதைக் கவனிச்சாத்தான் 1696 சட்டம் புரியும். தன் தப்பு இல்லாம, விபத்தாலும் துரதிர்ஷ்டத்தாலும் நொடிச்சுப் போனேன்னு வழக்கில் எடுத்துச் சொல்லி நிரூபிச்சாத்தான் நீதிபதிகள் உடுப்பை விலக்கலாம்னு அது வரையறுத்தது. வெறும் இரக்கம் பார்த்து விலக்கக் கூடாது. உடுப்பு சட்டப்படி ஒழிஞ்சது 1836-ல்.

தொப்பிக்குப் பயந்தவங்களுக்கு இன்னொரு வழி இருந்தது, ஹோலிரூட் மடத்து எல்லை. அதுக்குள்ள கடனுக்காக யாரையும் பிடிக்க முடியாது. 24 மணி நேரத்துக்கு மேல தங்கணும்னா அங்கே இருந்த அதிகாரியிடம் பேர் பதியணும். ஞாயித்துக்கிழமை கடன் வாரண்ட் செல்லாது, அதனால அன்னைக்கு மட்டும் ஊருக்குள்ள நடமாடிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடுவாங்க. அந்த எல்லையைக் காட்டுற பித்தளை எழுத்துகள் இன்னமும் தெருவில் பதிச்சிருக்கு. சாதாரணக் கடனுக்குச் சிறைங்கிற வழக்கமே 1880-ல் போனதும் அந்த அடைக்கலத்துக்கு வேலை இல்லாம போச்சு.

மஞ்சளுக்கு மஞ்சள் தொடர்பு? சட்ட வழியா இல்ல. நம்ம நாட்டு திவால் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது, ஸ்காட்லாந்திலிருந்து இல்ல. சென்னை, கல்கத்தா, பம்பாய்க்கு 1828-ல் தனி திவால் நீதிமன்றம், 1848-ல் அடுத்த சட்டம், 1909-ல் இன்னொண்ணு. மதுரை மாதிரி மாவட்டங்களுக்குத் தனிச் சட்டம் 1907-ல், அதை மாத்தி 1920-ல். 1907-க்கே ஸ்காட்லாந்தில் உடுப்பு ஒழிஞ்சு 70 வருஷம் ஆயிருச்சு. எந்தச் சட்டத்திலும் தாளுக்கு நிறம் சொல்லலை. வெள்ளைத் தாளில் வந்தாலும் அதே கடுதாசிதான்.

சார்பு நீதிமன்ற வாசல்:

மூன்றாவது கேள்வி. ‘எல்லாம் முடிஞ்சது’ என்பது தவறு. கடுதாசி வந்த அன்றுதான் வேலை ஆரம்பிக்கிறது.

எந்தச் சட்டம் என்பதை முதலில் தெளிவாக்குகிறேன். 2016 திவால் சட்டத் தொகுப்பில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனி உரிமையாளர் கடை, பங்குதாரர் கடை எல்லாம் இன்னும் 1920 மாகாண திவால் சட்டத்தில்தான். மனு போகும் இடம் சார்பு நீதிமன்றம். நம்பருக்கு முன்னால் ஐ.பி. என்று போடுவதால்தான் ஊரில் அந்தப் பெயர்.

மஞ்சக் கடுதாசி என்பது கோர்ட் உத்தரவு இல்லை. ‘என்னால் கட்ட முடியவில்லை, கொடுப்பதை நிறுத்திவிட்டேன்’ என்று கடனாளி வக்கீல் மூலம் சொல்லும் அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னதே பிரிவு 6-ன்படி ஒரு ‘திவால் செயல்’. அன்றிலிருந்து 3 மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே அவரைத் திவாலாக்கக் கேட்டு மனு போடலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய், தொகை நிர்ணயமானதாக இருக்க வேண்டும். 3 மாதம் தாண்டினால் அந்தக் கடுதாசியை வைத்து மனு போட முடியாது, வேறு திவால் செயல் காட்ட வேண்டும். கடையைப் பூட்டிவிட்டுத் தலைமறைவாவதும் திவால் செயல்தான்.

எனவே முதல் வேலை: உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரை தேதி வேண்டும், உள்ளே இருக்கும் கடன்காரர் (கடன் கொடுத்தவர்) பட்டியல் வேண்டும். உங்கள் பெயருக்கு எதிரே தொகை எழுதி, அதிகாரம் பெற்ற வக்கீலோ அவரோ கையெழுத்துப் போட்டிருந்தால், அது காலவரம்புச் சட்டம் பிரிவு 18-ன்படி கடனை ஒப்புக்கொண்ட எழுத்தாகப் பயன்படும். ‘கொடுக்க முடியாது’ என்று சேர்த்து எழுதியிருந்தாலும் ஒப்புதல் ஒப்புதலே. தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்குக் கெடு, கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். அந்தக் கெடு முடிவதற்கு முன் எழுதிய ஒப்புதல் என்றால் 3 வருடம் புதிதாக ஓடும். தொகை தவறாக இருந்தால் உடனே பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள்.

இரண்டாவது, காசோலை கையில் இருந்தால் அது தனிப் பாதை. தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும், திரும்பினால் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். கடுதாசி வந்ததைக் காரணம் காட்டி இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: ‘ஐ.பி. முடியட்டும், பார்க்கலாம்’ என்று காசோலையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, கடனாளி வெறும் கடுதாசியோடு நிறுத்தினாரா, மனுவும் போட்டாரா என்று கோர்ட்டில் பாருங்கள். பலர் கடுதாசியோடு நிறுத்திவிடுவார்கள். மனு போட்டால் பிரிவு 13-ன்படி எல்லாக் கடன்காரர் பெயர், முகவரி, தொகை, எல்லாச் சொத்தும் இருக்கும் இடமும் மதிப்பும் எழுத வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் கணக்குப் புத்தகம் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். திவால் என்று ஆணை பிறக்கும் வரை நீங்கள் பண வழக்குப் போடத் தடை இல்லை. ஆணை பிறந்ததும் சொத்து ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) கைக்குப் போகும், மனு போட்ட தேதியிலிருந்தே போனதாகக் கணக்கு. அதன்பின் கோர்ட் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. வீட்டை அடமானம் பிடித்த வங்கியையும் நகையைப் பிடித்த அடகுக்கடையையும் இது கட்டுப்படுத்தாது, அவர்கள் தங்கள் பிணையத்தை விற்றுக்கொள்ளலாம்.

விளக்குத்தூண் ஜவுளி:

இதுதான் கேட்க நினைச்சது. கூடவே ஒண்ணு. கடுதாசி வர்றதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி கடையை மச்சினன் பேருக்கு மாத்தியிருந்தா? இல்ல, இருக்கிற பணத்தை ஒரே ஒரு மொத்த வியாபாரிக்கு மட்டும் கொடுத்துத் தீர்த்துட்டு மத்தவங்களுக்குக் கை விரிச்சா?

சார்பு நீதிமன்ற வாசல்:

இரண்டுக்கும் வெவ்வேறு பிரிவு, வெவ்வேறு கால அளவு.

மச்சினன் பெயருக்கு விலை வாங்காமலோ பேருக்கு ஒரு விலை போட்டோ எழுதியது பிரிவு 53. எழுதிய தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் திவால் மனு தாக்கலாகி ஆணையும் பிறந்தால், ரிசீவர் கேட்டு அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு நியாய விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பு, அந்தக் கல்யாணத்தை முன்னிட்டு எழுதிக் கொடுத்ததற்கும் உண்டு. கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்து ‘மகளுக்குச் சீர்’ என்று எழுதியது அதில் வராது.

ஒருவருக்கு மட்டும் கொடுத்தது பிரிவு 54. இதற்கு 3 மாதம்தான், அதுவும் மற்றவர்களை விட அவருக்குச் சலுகை காட்டும் நோக்கத்தோடு கொடுத்தார் என்று காட்ட வேண்டும். அவர் கேஸ் போட்டு நெருக்கியதால் கொடுத்தார் என்றால் நிற்காது. ஏப்ரல் 5-ல் கொடுத்திருந்தால் ஜூலை 5-க்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும். கடன்காரர்கள் சங்கத்தில் உட்கார்ந்து ‘பேசிப் பார்ப்போம்’ என்று நான்கு மாதம் ஓட்டினால் இந்த வழி அடைபட்டுவிடும். பேசுவது தப்பில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கடனாளி பெயருக்கு மட்டும் போட்டால் போதாது. கடை, வீடு இருக்கும் சர்வே எண், கதவு எண் வைத்துப் போடுங்கள், அப்போதுதான் கை மாறியது தெரியும்.

தவுட்டுச்சந்தைப் பேரேடு:

கணக்கு பக்கத்திலிருந்து. ஆணை பிறந்த பிறகு பணம் கிடைக்கிறது கடன் கொடுத்தவனுக்கு இல்ல, கடனை *நிரூபிச்சவனுக்கு*. பட்டியல்ல பேர் இருக்குன்னு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அபிடவிட்டு ஒண்ணு தயார் பண்ணி கோர்ட்டுக்கு நேர்லயோ பதிவுத் தபால்லயோ கொடுக்கணும். அதில் கடன் எப்படி வந்ததுன்னு கணக்கு, ஆதாரம் எதுன்னு குறிப்பு. ஜவுளிக்குன்னா பில் நகல், லாரி ரசீது, ஜி.எஸ்.டி. கணக்கில் அந்த பில் ஏறின பக்கம், பேரேட்டில் அவர் கணக்கு முழுசா, கடைசியா அவர் கையெழுத்துப் போட்ட பாக்கிச் சீட்டு. கைச்சிட்டா மட்டும் இருந்தா எதிர்ப்பு வந்தவுடனே தொங்கும். துண்டுச் சீட்டில் சரக்கு அனுப்புற பழக்கம் நம்ம வீதியில் ஜாஸ்தி, அதோட விலை இங்கதான் தெரியும்.

எவ்வளவு வரும்னு ஒரு உதாரணக் கணக்கு. வீடு 30 லட்சத்துக்கு வித்து வங்கி தன் 22 லட்சத்தை எடுத்தா மிச்சம் 8 லட்சம் ரிசீவருக்கு. கடைச் சரக்கு 6 லட்சம். ஆக 14. கோர்ட், ரிசீவர் செலவு 1 லட்சம், அரசு வரிப் பாக்கி 3 லட்சம் முதல்ல போகும். மிச்சம் 10 லட்சம். பிணையம் இல்லாத கடன் 40 லட்சமும் நிரூபணமானா ரூபாய்க்கு 25 பைசா. 4 லட்சம் பாக்கி வர வேண்டியவருக்கு 1 லட்சம். அதே 40-ல் 20 லட்சத்துக்குத்தான் ஆட்கள் நிரூபிச்சாங்கன்னா 50 பைசா, அவருக்கு 2 லட்சம். வராதவன் பங்கு வந்தவனுக்கு.

கடை வேலையாட்களுக்கு 4 மாசச் சம்பள முன்னுரிமை சட்டத்தில் இருக்கு. உச்சவரம்பு ஆளுக்கு 20 ரூபாய். 1920-ல் அது சம்பளம், இன்னைக்கு டீ வடை.

கொற்கைத்துறை:

மஞ்சளுக்கு வெளியே ஒரு குறிப்பு. பாண்டிய நாட்டுக்கே ஒரு வழக்கம் இருந்ததை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பலமுறை கேட்டும் கடனாளி நாள் கடத்தினால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவார். பணம் கொடுக்காமல், அல்லது தகுந்த பிணை காட்டாமல் அதைத் தாண்டினால் மரண தண்டனை. அரசனே ஒரு வெளிநாட்டு வணிகனுக்குப் பாக்கி வைத்து இழுத்தடித்தபோது, குதிரையில் வந்த அரசனைக் குதிரையோடு சேர்த்து வணிகன் வட்டமிட்டான், பணம் வரும்வரை அரசன் நகரவில்லை, அதைத் தானே பார்த்ததாகவும் சொல்கிறார். குதிரையும் முத்தும் கடல் வழியே கை மாறிய நாடு, வெளிநாட்டு வணிகனுக்குக் கடன் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கப்பல் வராது. டைவர் உடுப்பு நொடித்த பிறகு போடுவது; வட்டம், கையில் இருந்தும் கொடுக்காதவனைக் கொடுக்க வைப்பது. இரண்டும் வேறு வேறு ஆளுக்கான மருந்து.

விளக்குத்தூண் ஜவுளி:

வட்டம் இப்ப இருந்தா நல்லாத்தான் இருக்கும். கடைசியா, கடனாளி பக்கத்துக்கு: ஆணை வாங்கிட்டா அவர் மறுநாளே வேற பேர்ல கடை போடலாமா?

சார்பு நீதிமன்ற வாசல்:

கடை போடத் தடை இல்லை, ஆனால் விடுவிப்பு ஆணை வாங்கும்வரை அவர் சம்பாதிக்கும் சொத்தும் ரிசீவருக்குத்தான் போகும். ‘நான் விடுவிக்கப்படாத திவாலாளி’ என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் பிரிவு 72, ஆறு மாதம் வரை சிறை. டைவர் சட்டை செய்த எச்சரிக்கை வேலையை இப்போது இந்தப் பிரிவு செய்கிறது. அது கடனாளியின் வாயை நம்பியிருப்பதால், புதிதாகச் சரக்கு கொடுப்பவர் கோர்ட்டிலும் அரசிதழிலும் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது. விடுவிக்கப்படாதவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்கவும் முடியாது.

விடுவிப்பு தானாக வராது. திவால் ஆணையிலேயே கோர்ட் ஒரு கெடு போடும், அதற்குள் அவர் மனு போட வேண்டும். விட்டுவிட்டால் பிரிவு 43-ன்படி திவால் ஆணையே ரத்தாகும், பழைய கடன்காரர்கள் எல்லோரும் திரும்ப வருவார்கள். மனு போட்டாலும், பிணையம் இல்லாத கடனுக்கு ரூபாய்க்கு 50 பைசா அளவுக்குக்கூடச் சொத்து இல்லை என்றால் முழு விடுவிப்பு கிடைக்காது, தன் பொறுப்பில் இல்லாத காரணத்தால் அப்படி ஆனது என்று காட்டினால் ஒழிய. மேலே பேரேடு போட்ட 25 பைசா கணக்குக்காரர் இதில் மாட்டுவார். கடை தீப்பிடித்தது, சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி கவிழ்ந்தது என்றால் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பழைய ஏடு சொன்ன 1696 விதியின் அதே கேள்விதான். முந்தின 3 வருடம் ஒழுங்கான கணக்குப் புத்தகம் வைக்காதது, கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் சரக்கு எடுத்தது, சூதாட்டம், ஊதாரித்தனம், இவையும் முழு விடுவிப்பை மறுக்கக் காரணங்கள். கடன் கொடுத்தவர்கள் எதிர்க்க வேண்டிய இடம் இந்த விசாரணைதான், பெரும்பாலும் அந்த நாளில் யாரும் வருவதில்லை.

விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குத் தர வேண்டியது, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்ச ஆணை ஆகியவை தீராது.

கடனாளிகளுக்கு ஒன்று: தண்டல்காரர், கந்துவட்டிக்காரர் பெயரைப் பயத்தில் பட்டியலில் விடாதீர்கள். விட்டால் மறைத்ததாக ஆகும். கந்துவட்டி என்றால் 2003 தமிழ்நாடு சட்டப்படி தனியாகப் புகார் கொடுக்கலாம், ஆனால் பட்டியலில் வாங்கிய அசலும் தேதியும் அப்படியே எழுதுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் எத்தனை தாள், எந்தத் தேதி என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

தவுட்டுச்சந்தைப் பேரேடு:

அதோட ஒரு வழி விட்டுப்போச்சு. சமரசம். திவால் ஆணைக்குப் பிறகு கடனாளி ‘ரூபாய்க்கு 40 பைசா, 6 தவணையில்’ மாதிரி ஒரு திட்டம் கோர்ட்டில் வைக்கலாம். நிரூபிச்ச கடன்காரர்களில் தலைக்கணக்கில் பாதிக்கு மேல, தொகைக் கணக்கில் முக்கால் பங்கு ஒத்துக்கிட்டு, கோர்ட்டும் ஏத்துக்கிட்டா எல்லாரையும் கட்டும். மேலே இருக்கிற கணக்கில் 25 பைசாவை விட இது மேல். ஆனா 40 லட்சத்தில் 11 லட்சம் வர வேண்டிய ஒரே ஒரு ஆள் வேண்டாம்னா திட்டம் விழுந்துடும், அதனால ஓட்டுக்கு முன்னாடி பேச வேண்டியது அவர்கிட்டதான்.